அக்கரப்பத்தனை நிலாவுக்குப் பூச்சியம் புள்ளி

1

போன வாரம் கல்லூரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் ‘வானியல் அறிமுகம்’ படித்து முடித்து ஒரு வருடம் ஆகிறதாம். அடுத்த தவணைக்கு வரும் பிள்ளைகளுக்கு, இந்தப் பாடத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்று பழைய மாணவர்கள் சொல்லித் தர வேண்டுமாம். கீழே ஒரு சின்னப் பெட்டி. இரண்டு வரி தாண்டினால் பெட்டி சிவப்பாகி, அளவுக்கு மேல் எழுதிவிட்டீர்கள் என்று முறைக்கிறது.

மூன்று தரம் எழுதி மூன்று தரம் அழித்தேன். “நிறையப் பார்க்கலாம்” என்று எழுதினால் பொய். “நிறையக் குழம்பலாம்” என்று எழுதினால் எவரும் சேர மாட்டார்கள். அந்தப் பெட்டி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. அதில் அடங்காததை, இலங்கை மலைநாட்டில் ஹட்டனிலும் பொகவந்தலாவையிலும் இருந்து வாசிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். இதைப் படித்தால் தெளிவு பிறக்கும் என்று மட்டும் நம்பி உட்கார வேண்டாம். எழுதுகிறவளுக்கே இன்னும் முழுசாகப் பிறக்கவில்லை.

நானும் அங்கே அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கலியாணத்துக்கு முன்பு அங்கே பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தேன். தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. இப்போது கனடாவில், ஓர் ஏரிக்கரை நகரத்தில் இருக்கிறேன். கணவர் தூரப் பயண லொறி ஓட்டுகிறார், கிழமையில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். மகள் தர்ஷினி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பெரிய சலவை நிலையம் ஒன்றில் பின்னேர வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னல் என்று பெயருக்குக்கூட ஒன்றில்லாத கட்டடம். பெரும் இரும்புப் பெட்டிகள் சுற்றுகிற சத்தத்தில் எனக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்கே கேட்காது.

திரும்பவும் குழந்தைகளோடு வேலை செய்ய வேண்டும் என்று ஆசை. ஆனால் அங்கே எத்தனை பிள்ளைகளைத் தூக்கி வளர்த்திருந்தாலும், இங்கே ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிட டிப்ளோமா வேண்டும். அதற்காகத்தான் கல்லூரிக்குப் போனேன்.

2

குழந்தைப் பராமரிப்புப் படிப்புக்கு வானத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பதிவு அலுவலகத்தில் இருந்த பெண், எல்லோரும் தங்கள் துறைக்கு வெளியே ஒரு பாடம் படித்தே ஆக வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டேன். விதி என்றாள். அதற்குமேல் கேட்டால் அவளுக்கும் தெரியாது என்று முகத்தில் எழுதியிருந்தது.

அவள் காட்டிய பாடங்களில் புள்ளிவிபரவியல் இருந்தது, மெய்யியல் இருந்தது, பனிச்சறுக்கு விளையாட்டின் வரலாறும் இருந்தது. வானியலைத் தொட்டேன். வானம் எல்லோருக்கும் பொது, அண்ணாந்து பார்த்தால் போதும், ஆங்கிலம் குறைவாக இருக்கும் என்று ஒரு கணக்கு. எங்கள் தோட்டத்தில் வருடத்தில் பாதி நாள் மூடுபனி. எதிர் லயத்து வரிசை வீடுகளில் எரியும் விளக்கே தெரியாது, நட்சத்திரத்துக்கு எங்கே போவது? பார்க்காமல் விட்டதை இங்கேயாவது பார்க்கலாமே என்றும் ஒரு நினைப்பு.

ஊரில் இருக்கும் லெச்சுமி அக்காவிடம் ஆசையாகச் சொன்னேன். அவள் லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அடுத்த நாளே இரண்டு சாதகங்கள் வட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. ஒன்றில், “ஏழரைச் சனி எப்ப முடியும்னு கேட்டுச் சொல்லுங்க அக்கா” என்று ஒரு தம்பியின் குரலும் சேர்ந்து வந்தது. அது வேறு, இது வேறு என்று விளக்கினேன். “அப்ப இதுல என்னாதான்கா சொல்வாங்க?” என்று கேட்டான். வகுப்பு இன்னும் தொடங்கியிருக்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

3

சரி, வகுப்பில் என்ன எதிர்பார்க்கலாம்?

முதலில், நட்சத்திரத்தை எதிர்பார்க்காதீர்கள். முதல் நாள் முழுக்கப் பூச்சியம்தான். பத்தின் தலையில் ஒரு குட்டி இலக்கத்தை ஏற்றி வைத்து, அதற்குப் பின்னால் எத்தனை பூச்சியம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பக்கத்திலிருந்த பையன்கள் கைபேசியைத் தட்டி முடித்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கோழிக்குஞ்சு எண்ணுவது போல விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒளியாண்டு என்பது காலம் இல்லை, தூரம். அதைப் பழகவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. வெந்நீர்க் குழாய்க்குச் சிவப்பு, குளிர்நீர்க் குழாய்க்கு நீலம் என்று உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள். நட்சத்திரத்தில் நீலம்தான் கொதிப்பு, சிவப்பு ஆறிப்போனது. பூமி சூரியனுக்கு மிகவும் கிட்டப் போவது ஜனவரி மாதத்தில் என்று ஒரு நாள் சொன்னார்கள். இந்த ஊர் ஜனவரியில் வெளியே போனால் இமை மயிர்கூட உறைந்துவிடும். கையைத் தூக்கி, “சேர், நிச்சயமாகவா?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்றார். பூமி சாய்ந்திருப்பதுதான் காரணம், கிட்டமும் தூரமும் இல்லை என்றார். தலையாட்டினேன். விளங்கவில்லை.

அந்த ஆசிரியருக்கு என் வயதுதான் இருக்கும். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். கடைசி வரைக்கும் என் வாயில் வரவில்லை. ‘சேர்’ என்றே ஓட்டினேன். முதல் பரீட்சையில் பாதிப் புள்ளிகூட எடுக்கவில்லை. தாளைத் திருப்பித் தரும்போது, “கவலைப்படாதீர்கள், நிலாப் பதிவு இருக்கிறது. அதில் ஒழுங்காகப் பார்த்து எழுதினால் தப்பித்துவிடலாம்” என்றார்.

4

நிலாவுக்கு வரும் முன்பு சனியை முடித்துவிடுகிறேன்.

ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் கல்லூரி மைதானத்தில் தொலைநோக்கி வைத்தார்கள். எனக்கு அன்று வேலை இல்லாத நாள். வரிசையில் நின்று கிட்டப் போனதும், “இப்போது தெரிவது சனி” என்றார் ஆசிரியர்.

கோயிலில் சனீஸ்வரனுக்கு நேரெதிரே நாங்கள் நிற்க மாட்டோம். பக்கவாட்டில் நின்று கும்பிட்டுவிட்டு நழுவிவிடுவோம். சின்ன வயதிலேயே உடம்பில் ஏறிப்போன பழக்கம் அது. என் கால் தானாக விலகிவிட்டது. பக்கத்தில் ஒதுங்கி நின்றுகொண்டு கண்ணை மட்டும் ஒருக்களித்து வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. “நேராக வாருங்கள்” என்றார். கொஞ்சம் வந்தேன். “இன்னும் நேராக” என்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. பிள்ளையாரப்பா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நேருக்கு நேர் பார்த்தேன். குண்டுமணி அளவில் ஒரு வெளிச்சம், அதன் குறுக்கே ஊசியால் கீறியது போல வளையம். அழகாகத்தான் இருந்தது. இத்தனை பேரை ஆட்டி வைப்பது இதுவா என்று நம்ப முடியவில்லை.

அடுத்த வாரம்தான் எனக்குப் பூச்சியம் கிடைத்தது. நேராகப் பார்த்ததால் என்று லெச்சுமி அக்கா இன்றைக்கும் சொல்கிறாள்.

5

நிலாப் பதிவு என்பது இதுதான். பிறை தெரிகிற நாளிலிருந்து முழுநிலா வரைக்கும், வானம் தெளிந்த நாட்களில், சூரியன் மறைந்த கையோடு வெளியே போக வேண்டும். நிலா எந்தத் திசையில் நிற்கிறது, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று வரைய வேண்டும். கருவி எதுவும் தேவையில்லை. கையை நீட்டி முஷ்டியை மடக்கி, அடிவானத்திலிருந்து முஷ்டிக்கு மேல் முஷ்டி அடுக்கிக்கொண்டே போனால் உயரம் கிடைத்துவிடும்.

கேட்பதற்கு லேசுதான். ஆனால் அந்த மாதத்தில் சூரியன் மறையும் நேரம் நான் ஜன்னல் இல்லாத கட்டடத்துக்குள் கட்டில் விரிப்பு மடித்துக்கொண்டிருப்பேன். சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே வந்தால் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். வேலை முடிந்து வந்தால் பிறை எப்போதோ இறங்கிப் போயிருக்கும்.

லெச்சுமி அக்கா எனக்கு நேர் மூத்தவள். இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறாள், இன்னும் கொழுந்து எடுக்கிறாள். இங்கே நான் காலைத் தேத்தண்ணீர் குடிக்கும் நேரம்தான் அங்கே பொழுது சாயும். இதை விட வசதி எங்கே கிடைக்கும்?

“அக்கா, கொஞ்சம் வெளிய வந்து நெலாவப் பாரேன்.”

“ஏன், கெரகணமா?”

“இல்லக்கா, படிப்புக்கு.”

“நெலாவப் பாக்குறதுக்கு ஒரு படிப்பா? நல்லா இருக்குடி ஒங்க நாடு.” சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

“எப்பிடித் தெரியுது?”

“கவாத்துக் கத்திய மல்லாக்க வச்ச மாதிரி இருக்கு. ரெண்டு முனையும் மேல பாக்குது.” தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற வளைந்த கத்தி அது.

“எந்தப் பக்கம்?”

“இஸ்டோருக்குப் பின்னால.” தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அது மேற்கு. நான் ‘மேற்கு’ என்று எழுதிக்கொண்டேன். முஷ்டி வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். பாதி நிலா வந்த அன்று, “இது தலைக்கு மேலயே வந்து நிக்குது சரோ. முட்டிய அடுக்கி அடுக்கி கழுத்து வலிக்குது” என்றாள். மழை நாட்களில் அழைத்தால், “இரு, மேகம் வெலகட்டும்” என்று சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். தகரத்தில் மழை விழும் சத்தம் எனக்குக் கேட்கும். ஒரு நாளாவது அலுத்துக்கொண்டதில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன்.

அதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. எங்கள் மலையில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றாலோ, வயிற்றுப் பிள்ளைக்காரி முடியாமல் உட்கார்ந்துவிட்டாலோ, எடை குறைந்து அவள் கூலி போய்விடாமல் இருக்க, நிறுவைக்குப் போகும் முன்பு ஆளுக்கு ஒரு கைப்பிடி கொழுந்தை அவள் கூடையில் போடுவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதும் இல்லை. கங்காணி அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பி வெற்றிலை மடிப்பார். நிலாவும் அப்படி ஒரு கைப்பிடி என்றுதான் நினைத்தேன். அதுவும் எல்லோருக்கும் பொதுவான நிலா. தர்ஷினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பெரியம்மா பார்க்கிற அதே நிலா என்று காட்டித்தானே சோறு ஊட்டினேன்.

6

தாள் திரும்பி வந்தது. தலையில் ஒரு பெரிய பூச்சியம். கீழே ஆசிரியரின் எழுத்து: “இவை இந்த ஊரிலிருந்து பார்த்தவை அல்ல.” அன்று மாலையே ஒரு மின்னஞ்சல். கல்வி நேர்மை தொடர்பான சந்திப்புக்கு வர வேண்டுமாம். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாமாம். போலீசில் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது.

எப்படித் தெரிந்தது? வீட்டுச் சுவரில் கமரா ஏதும் பூட்டியிருக்கிறார்களா? அக்காவோடு பேசியதைக் கேட்டார்களா? நிலாவில் ஊர்ப் பெயர் எழுதியா இருக்கிறது?

தர்ஷினிக்குக் காட்டினேன். வாசித்துவிட்டு, “அம்மா, இது சீட்டிங். சீரியஸ்” என்றாள்.

“என்னா சீட்டிங்? நான் யாரு சொத்தத் திருடினேன்?”

“உங்கட சொந்த வேர்க் இல்லையே. பெரியம்மா பார்த்ததை நீங்க பார்த்த மாதிரிக் குடுத்திருக்கிறீங்க.” பள்ளிக்கூடத்து யாழ்ப்பாணப் பிள்ளைகளோடு பழகி அவள் தமிழ் அப்படி ஆகிவிட்டது. அதே பிள்ளைகளின் தாய்மார், நான் கடையில் வாயைத் திறந்தால், “இந்தியாவோ?” என்று கேட்பார்கள். நடுவில் நான் எந்த ஊர்க்காரி என்று எனக்கே சில நாள் சந்தேகம் வரும்.

“இப்ப என்னாதான் பண்றது?”

“சிம்பிள். நானே பார்த்தேன், வரையத் தெரியாமல் பிழையாக வரைஞ்சிட்டேன் எண்டு சொல்லுங்க. மார்க்ஸ் குறையும், அவ்வளவுதான். பெரியம்மா பெயரை எடுக்காதீங்க.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. இந்தப் பாடத்தில் தவறினால் டிப்ளோமா இல்லை. டிப்ளோமா இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வருடம் அந்தச் சலவைக்குள்ளே கிடப்பது? அப்படியே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை அக்கா தானாக அழைத்தாள். “இன்னிக்கு நெலா வெள்ளனவே வந்திருச்சு சரோ, எழுதிக்க” என்றாள். வேண்டாம் அக்கா, எல்லாம் பிழையாம், பூச்சியம் போட்டுவிட்டார்கள் என்றேன்.

“நான் தப்பாவா பாத்துட்டேன்?”

“தெரியலக்கா.”

“இல்லடி, நான் ஒழுங்காத்தான் பாத்தேன். முட்டி வச்சு வச்சுத்தான் பாத்தேன். கண்ணு ஒண்ணும் கெட்டுப்போகலையே எனக்கு.” அவள் குரல் உடைந்துவிட்டது. “என்னாலயாடி ஒனக்குப் படிப்பு போகப்போகுது?”

7

சந்திப்பு ஒரு சின்ன அறையில். ஆசிரியர் இருந்தார், பொறுப்பதிகாரி என்று ஓர் அம்மா இருந்தார், மேசையில் என் நிலாக்கள் பரப்பிக் கிடந்தன. தர்ஷினி என் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலால் இடித்துக்கொண்டே இருந்தாள்.

“இவற்றை நீங்களே பார்த்து வரைந்தீர்களா?” என்று அந்த அம்மா கேட்டார்.

வாயில் விடை தயாராக இருந்தது. நான்தான் பார்த்தேன், பிழையாக வரைந்துவிட்டேன். சொல்ல வாயைத் திறந்தேன். மேசையில் கிடந்த பாதி நிலா கண்ணில் பட்டது. அது தலைக்கு மேல் நின்ற அன்றுதான் அக்காவுக்குக் கழுத்து வலித்தது. பிழை என்று நான் சொன்னால் யாருடைய பிழை அது? மழையில் நின்று பார்த்தவளுடைய கண்ணையல்லவா நான் குறை சொல்கிறேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

“நான் பார்க்கவில்லை. இலங்கையில் என் அக்கா பார்த்தாள். அவள் பார்த்தது பிழை இல்லை” என்றேன்.

தர்ஷினியின் முழங்கால் நின்றுவிட்டது.

கொழுந்து, கூடை, கைப்பிடி எல்லாவற்றையும் என் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஏறவில்லை. தேயிலையா, தேயிலைக்கும் இதற்கும் என்ன என்று கேட்டார். ஆசிரியர் மட்டும் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். “இலங்கை. அதுதானே பார்த்தேன்” என்றார். பிறை மல்லாக்கப் படுத்திருக்கிறது, பாதி நிலா உச்சிக்குக் கிட்டே போகிறது, இந்த மாதத்தில் இந்த ஊரிலிருந்து பார்த்தால் அப்படித் தெரியவே தெரியாது, பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் யாரோ நின்று பார்த்திருக்கிறார்கள் என்று தனக்கு முதல் நாளே தோன்றியதாகச் சொன்னார். “இது நல்ல பதிவு. ஆனால் உங்களுடைய பதிவு இல்லை.”

தீர்ப்பு இதுதான். பூச்சியம் பூச்சியமாகவே இருக்கும். என் பெயரில் ஓர் எச்சரிக்கை எழுதி வைப்பார்கள். ஆனால் அடுத்த பிறையிலிருந்து நானே பார்த்துப் புதுப் பதிவு கொடுத்தால் பாதிப் புள்ளி வரைக்கும் தரலாம். தவணை முடியும் முன்பு மிச்சம் இருந்தது அந்த ஒரு பிறைதான்.

வெளியே வந்ததும் தர்ஷினி, “ஏன் அம்மா அப்பிடிச் சொன்னீங்க?” என்று கத்தினாள். எனக்கே தெரியவில்லை, வா போகலாம் என்றேன். ஒரே நிலா இரண்டு விதமாக எப்படித் தெரியும் என்பதுதான் அப்போது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

8

நவம்பரில் இங்கே ஒரு மணி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது என்று அக்கா வருடா வருடம் கேட்பாள், வருடா வருடம் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த முறை அதனால் ஒரு நன்மை. என் சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பே இருட்டிவிட்டது.

சலவை நிலையத்தின் பின்பக்கம் லொறிகள் வந்து நிற்கும் மேடை இருக்கிறது. அங்கிருந்து தென்மேற்கு திறந்து தெரியும். பிறை வர வேண்டிய நாளில் சாப்பாட்டுப் பெட்டியோடு போய் நின்றேன். மேகம். மறுநாளும் மேகம். அதற்கு அடுத்த நாள் பனி தூவியது. ஊரில் மூடுபனி, இங்கே மேகம், வானத்துக்கும் எனக்கும் என்ன பகையோ? உறை போட்ட விரல் விறைத்துப் போக, சோற்றை நின்றபடி விழுங்கிவிட்டு உள்ளே ஓடுவேன். பிறை பார்க்காமல் முழு நிலாவை மட்டும் வரைந்து கொடுத்தால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

நாலாம் நாள் நான் மேடைக்கு வந்தபோது கீழே எங்கள் கார் நின்றது. தர்ஷினி கண்ணாடியை இறக்கினாள். “அம்மா, ரோட்டில வரேக்க பார்த்தேன். கிளியர் ஆகுது. அங்க பாருங்க” என்றாள்.

தூரத்துப் புகைபோக்கிக்குப் பக்கத்தில், தாழ்வாக, மேகம் கிழிந்த இடத்தில் பிறை நின்றது. படுத்திருக்கவில்லை. கிட்டத்தட்ட நிமிர்ந்து நின்றது. கவாத்துக் கத்தியை யாரோ பிடியில் பிடித்துத் தூக்கி நிறுத்தியது போல. இத்தனை வருடம் இந்த ஊரில் இருக்கிறேன், பிறையை எத்தனையோ தரம் பார்த்திருப்பேன். ஆனால் அன்றுதான் பார்த்தேன்.

கையை நீட்டினேன். ஒரு முஷ்டி, அதற்கு மேல் கொஞ்சம். தர்ஷினி காரிலிருந்து இறங்கி வந்தாள். குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு அவளும் முஷ்டியை நீட்டினாள். “எனக்கும் அதே” என்றாள். பிறகு, “அம்மா, தலையை இடது பக்கம் சாயுங்கோ” என்றாள்.

சாய்த்தேன்.

“இன்னும்.”

காது தோளில் படும் அளவுக்குச் சாய்த்தேன். நிமிர்ந்து நின்ற பிறை மெல்ல மெல்ல மல்லாந்து படுத்தது. இரண்டு முனையும் மேலே பார்த்தன. அக்கரப்பத்தனை நிலா. இஸ்டோருக்குப் பின்னால் இறங்குகிற அதே நிலா. கழுத்து சுளீர் என்று வலித்தது. நான் அப்படியே நின்றேன்.

“பூமி உருண்டைதானே அம்மா. பெரியம்மாவை விட நீங்க அவ்வளவு சரிஞ்சு நிக்கிறீங்க. நிலா சரிஞ்சு நிக்கேல்ல” என்றாள் என் மகள்.

9

முடிவைச் சொல்லிவிடுகிறேன். பாஸ். மயிரிழையில். இப்போது ஒரு பாலர் நிலையத்தில் பயிற்சிக்குப் போகிறேன். சின்னப் பிள்ளைகள் என் சட்டையில் மூக்குத் துடைக்கிறார்கள். சந்தோஷமாக இருக்கிறேன். கருந்துளை என்றால் என்ன என்று இன்றைக்கும் கேட்காதீர்கள்.

ஆனால் கல்லூரிக்காரர்களின் பெட்டியில் எழுத முடியாதது, அந்தப் பிறையைப் பார்த்த மறுநாள் காலை நடந்தது. தேத்தண்ணீரை வைத்துக்கொண்டு அக்காவை அழைத்தேன்.

“அக்கா, நீ பாத்தது தப்பே இல்ல. அங்க அப்பிடித்தான் தெரியுமாம். சேரே சொல்லிட்டாரு, நல்லாப் பாத்திருக்காங்கன்னு.”

“அப்பாடா.” ஒரு பெருமூச்சு கேட்டது. “அப்ப எதுக்குடி பூச்சியம் போட்டாங்க?”

“இங்க வேற மாதிரி தெரியுதுக்கா.”

“வேற மாதிரின்னா?”

“படுத்துக் கெடக்கல. நிமிந்து நிக்குது. உச்சிக்கும் வராது, ஓரமாவே போயிரும்.”

“ஒரே நெலாதானே?”

“ஒரே நெலாதான்கா. நீ நிக்கிற எடம் வேற, நான் நிக்கிற எடம் வேற. அதான்.”

அங்கே எங்கேயோ பஸ் ஒன்று வளைவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று கைபேசியைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

“நெலாவே மாறித் தெரியிற அளவுக்கா போயிட்ட?” என்றாள். “கொழும்புக்கு அந்தாண்ட எங்கயோ இருக்கேன்னுதான்டி இத்தன வருசமா மனசுல வச்சிருந்தேன்.”

“கழுத்தக் கொஞ்சம் சாச்சுப் பாத்தா நம்ம ஊரு மாதிரியேதான்கா தெரியுது” என்றேன்.

“எம்புட்டு நேரம்தான் சாச்சுக்கிட்டே நிப்ப?” என்று கேட்டாள் லெச்சுமி அக்கா.